முடி யாருடையது?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரு நர்சிங் மாணவியின் அப்பா, "மகளுக்கு மனநல வார்டில் பயிற்சி போஸ்டிங் போட்டிருக்கிறார்கள், பயமாக இருக்கிறது, வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா?" என்று கேட்டிருந்தார். தைரியமாக அனுப்புங்கள், வார்டில் உங்கள் மகளுக்கு ஒன்றும் ஆகாது, அவள் கையில் சிக்குகிற நோயாளிகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை என்று நாலு வரியில் பதில் எழுதினேன். கொஞ்சம் திமிரான பதில்தான். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தபோது இந்த இதழின் பக்கங்களை அப்படியே அந்த விஷயத்துக்கு ஒதுக்கிவிடலாம் என்று தோன்றியது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் 1986-ல் மனநல வார்டில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தவள். சர்வீஸில் பாதி வார்டில், பாதி நர்சிங் வகுப்பறையில். 2024-ல் ஓய்வு பெற்று, சொந்த ஊரான தருமபுரிக்கே வந்துவிட்டேன். வக்கீல் இல்லை, டாக்டரும் இல்லை. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு நர்சிங் கல்லூரியில் டியூட்டராக இருக்கிறேன். மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் பிள்ளைகளுக்கு மனநலப் பராமரிப்புச் சட்டம் எடுக்கிறேன். பவர்பாயிண்ட் போட்டால் பாதிப் பேர் தூங்குகிறார்கள், மீதிப் பேர் பிரிவு எண்களை மனப்பாடம் செய்கிறார்கள். எப்படித்தான் சொல்லிக் கொடுப்பது?
(கிருஷ்ணகிரி வாசகி)

தூங்குகிறவர்களைத் திட்டாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் யார் சட்டம் எடுத்தாலும் தூக்கம் வரும். முதலில் அந்தப் பீரியடைக் காலைக்கு மாற்றுங்கள்.

அப்புறம் பவர்பாயிண்டை மூடிவிட்டு, உங்கள் கையால் நடந்த ஒரு தப்பைச் சொல்லுங்கள். அப்படி எதுவும் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். வார்டில் நின்ற எல்லோரிடமும் ஒன்றாவது இருக்கும். என்னுடையதைச் சொல்கிறேன்.

1987, மார்கழி. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். பெண்கள் வார்டுக்கு அரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி, அது முழுக்கப் பேன், சடை பிடித்துப் போயிருந்தது. வார்டு இன்சார்ஜ் சிஸ்டர், "எல்லாருக்கும் எடுத்துடு" என்றார். எல்லாருக்கும் என்றால் எல்லாருக்கும். பேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும். முடி வெட்டுபவர் வந்தார், நான் அந்த அம்மாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் திமிறவில்லை. எல்லாம் முடிந்ததும் கீழே கிடந்த முடியைப் பார்த்து, "அதைக் குடுங்கம்மா" என்றார். எதுக்கு என்றேன். "முடிக்காரன் வந்தா போடணும்."

நம் ஊர்ப்பக்கம் தெரிந்தவர்களுக்குப் புரியும். தலை வாரும்போது வருகிற முடியைச் சுருட்டிச் சுவர்ப்பொந்தில் செருகி வைப்பார்கள். முடிக்காரன் வந்தால் அதைப் போட்டுவிட்டு ஊக்கோ ஊசியோ ஒரு கிண்ணமோ வாங்கிக்கொள்வார்கள். சுருட்டி வைத்த முடிக்கே அவ்வளவு என்றால் அந்த அம்மாவின் முழு முடிக்கு ஒரு குடமே கிடைத்திருக்கும். நான், "குப்பைக்குப் போயிடுச்சு" என்றேன். "என்னுதாச்சே" என்றார். அவ்வளவுதான். அன்று ராத்திரி மெஸ்ஸில் இதை நான் ஒரு தமாஷாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தோம்.

அந்த அம்மா புத்தி பிசகிப் பேசவில்லை. அந்த அறையில் கணக்குச் சரியாக வைத்திருந்தது அவர் ஒருவர்தான். எனக்கு இது உறைக்க 30 வருடம் ஆனது. அன்றைக்கு நடப்பில் இருந்தது வெள்ளைக்காரன் காலத்து 1912-ஆம் வருடச் சட்டம். அதன் பெயரிலேயே 'பைத்தியம்' இருந்தது. 1987-ல் புதுச் சட்டம் ஒன்று எழுதினார்கள், ஆனால் அது நடைமுறைக்கு வர 1993 ஆகிவிட்டது. அதிலும் முடியைப் பற்றிப் பேச்சில்லை. நீங்கள் எடுக்கிற இந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் வந்தபோது, வகுப்பு எடுப்பதற்காக அதைப் படித்துக்கொண்டே வந்தவள் 20-வது பிரிவில் அப்படியே நின்றுவிட்டேன். கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது என்று ஒரு வரி, தனியாக.

இந்தக் கதையைச் சொல்லி முடித்த பிறகுதான் 20-வது பிரிவைக் கரும்பலகையில் எழுதுவேன். சுத்தமான இடம், அந்தரங்கம், உடம்பு மறைகிற மாதிரி உடை, விரும்பினால் தன் சொந்த உடை, மாதவிடாய்க்கு வேண்டிய பொருட்கள், கட்டாய வேலை கிடையாது, செய்கிற வேலைக்குத் தக்க கூலி. இது ஒவ்வொன்றையும் சட்டத்தில் ஏன் எழுத வேண்டி வந்தது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கொஞ்ச நேரம் அமைதியாக இருப்பார்கள். அப்புறம் யாராவது ஒருத்தி மெதுவாக, "இதெல்லாம் நடந்துட்டு இருந்துச்சா மேடம்?" என்பாள். அங்கிருந்து வகுப்பு தானாகப் போகும்.

ஒரு வருடம் பாலக்கோட்டுப் பெண் ஒருத்தி கேட்டாள், "சரி மேடம், தலை நிறையப் பேன் இருந்தா என்னதான் பண்றது?" நியாயமான கேள்வி. மருந்து போட்டு, ஊற வைத்து, பேன்சீப்பால் வார வேண்டும். அரை மணி நேரம் ஆகும், மறுபடி அடுத்த வாரமும் வார வேண்டும். வெட்டிவிடலாமா என்று கேட்கலாம், அவர் சரி என்றால் வெட்டலாம். மொட்டை என்றால் ஐந்தே நிமிடம். வார்டில் உரிமை என்று நாம் பேசுவது பாதி நாள் அந்த மிச்ச 25 நிமிடத்தைப் பற்றித்தான்.

இன்னொன்று செய்து பாருங்கள். ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுங்கள். நாளைக்கே தனக்கு மனநோய் வந்து, தன் சிகிச்சையைத் தானே முடிவு செய்ய முடியாத நிலை வந்தால் யார் தனக்காகப் பேச வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். இது விளையாட்டு இல்லை. சட்டத்தின் 14-வது பிரிவு சொல்வதே அதுதான்: வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, வயது வந்த எவரும் தனக்கு ஒரு பிரதிநிதியை நியமித்துக்கொள்ளலாம். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் 5-வது பிரிவு வழி செய்கிறது. அதற்கு மனநோய் வந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. என் வகுப்பில் எப்போதும் முதல் ஐந்து நிமிடம் சிரிப்பாக இருக்கும். அப்புறம் ஒரு பெண், "அப்பா பேரை எழுதலன்னா தப்பா மேடம்?" என்று கேட்பாள். தப்பில்லை, அத்தை பேரை எழுது, தோழி பேரை எழுது. ஒருத்தி எழுதியிருந்தாள்: "எங்க அண்ணனுக்குச் சொல்லக் கூடாது. தூங்கும்போது லைட்டை அணைக்கக் கூடாது." அந்த இரண்டு வரியும் பிரிவு எண்ணோடு அவளுக்குச் சாகும்வரை மறக்காது.

மூன்றாவது, கட்டிப்போடுவது. விருப்பப்பட்டு முன்வருகிற பிள்ளையை மட்டும் கட்டிலில் படுக்க வைத்து, துணியால் மணிக்கட்டு இரண்டையும் கட்டிலோடு கட்டுங்கள், துணிக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் போகிற இடைவெளி விட்டு. பத்து நிமிடம். யாரும் அவளோடு பேசக் கூடாது, ஆனால் எல்லோரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். மூன்றாவது நிமிடம் மூக்கு நுனி அரிக்கும், எல்லோருக்கும் அரித்திருக்கிறது. வேண்டாம் என்று சொன்ன நொடியில் அவிழ்த்துவிட வேண்டும். எழுந்ததும் அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் அன்றைய பாடம். ஒரு பையன் எழுந்து சொன்னது: "கட்டினது பரவால்ல மேடம். நான் இருக்கறப்பவே 'இவன்'னு பேசினாங்க பாருங்க, அதான்."

நம் மாவட்டங்களுக்கென்றே ஒரு பாடம் உண்டு, மொழி. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி பக்கமிருந்து வருகிறவர்களில் கன்னடமும் தெலுங்கும் மட்டுமே பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நோயாளிக்குப் புரிகிற மொழியில் தகவல் சொல்ல வேண்டும் என்பது சட்டம், 22-வது பிரிவு. ஒருமுறை கேஸ் ஷீட்டில் "பேசுவதில்லை" என்று நாலு நாளாக எழுதப்பட்டிருந்த பாட்டியிடம் ஓசூர் மாணவி ஒருத்தி போய், "ஊட்டா ஆய்தா அஜ்ஜி?" என்றாள். சாப்பிட்டாச்சா என்று கேட்டாள், வேறொன்றுமில்லை. பாட்டி பேச ஆரம்பித்தவர் டீ வரும்வரை நிறுத்தவில்லை. உங்கள் வகுப்பில் எத்தனை மொழி இருக்கிறது என்று முதல் நாளே கணக்கெடுத்து வையுங்கள்.

பிரிவு எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருபது வயதுப் பெண் பெரிய டாக்டரிடம் "இது தப்பு சார்" என்று சொல்ல முடியாது. "97-வது பிரிவுல, கட்டிப்போட்டா எழுதி வைக்கணும்னு இருக்கே சார்" என்று சொல்ல முடியும். எண் அதற்குத்தான்.

கேள்வி: நர்சிங் டிப்ளமோ (ஜி.என்.எம்.) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் ஏர்வாடி ஏர்வாடி என்கிறார்கள். தேர்வுக்கு அது முக்கியமா?
(அரூர் மாணவி)

தேர்வுக்கு வருமா என்று எனக்குக் கேள்வித்தாள் ஜோசியம் தெரியாது கண்ணு. ஆனால் நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது என்பதால் சொல்கிறேன்.

2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகம். கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். சங்கிலி இல்லாதிருந்தால் அவர்களில் பலர் எழுந்து வெளியே ஓடியிருப்பார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. இன்றைய சட்டத்தின் 95-வது பிரிவில், மனநோய் உள்ள யாரையும் எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று இருக்கிறதல்லவா, அந்த வரியைப் படிக்கும்போது இந்த 28 பேரையும் சேர்த்துப் படி.

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவன் மூன்று மாதம் முன்னால் திரும்பி வந்தான். தூக்கமில்லை, தனியாகப் பேசுகிறான், யாரோ கொல்ல வருவதாகச் சொல்கிறான். ஒருநாள் ராத்திரி மெயின் ரோட்டில் லாரிக்கு நடுவே ஓடிவிட்டான். அதிலிருந்து ராத்திரியில் காலில் கயிறு கட்டிக் கட்டிலோடு முடிகிறேன். நர்சிங் படிக்கிற மகள், "இது குற்றம்மா" என்று சண்டை போடுகிறாள். நான் குற்றவாளியா?
(பென்னாகரம் பக்கத்து வாசகி)

அம்மா, மூன்று மாதமாக நீங்களும் தூங்கவில்லை என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. மகனை லாரியிலிருந்து காப்பாற்றத்தான் கட்டினீர்கள். உங்களைக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசு வராது.

ஆனால் மகள் சொன்னதும் தப்பில்லை. வீட்டில் கட்டி வைப்பதைச் சட்டம் ஒத்துக்கொள்வதில்லை. எனக்கு உங்கள் மகள்மேல்தான் கொஞ்சம் வருத்தம். பாதிப் பாடத்தைத்தான் வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறாள். கயிற்றை அவிழ் என்றவள், அவிழ்த்த பிறகு என்ன செய்வது என்பதையும் அதே புத்தகத்திலிருந்து கொண்டு வந்திருக்க வேண்டும். அந்த மீதியை நான் சொல்கிறேன், அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

நாளைக் காலையிலேயே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மனநலப் பிரிவு புறநோயாளிச் சீட்டு வாங்குங்கள். எப்போதிலிருந்து தூக்கமில்லை, சாப்பாடு எப்படி, என்னென்ன சொல்கிறான், குடி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது முன்பு இருந்ததா என்பதை ஒரு தாளில் மகளை எழுதச் சொல்லுங்கள். அங்கே போய் நின்றால் அழுகைதான் வரும், ஞாபகம் வராது. அவன் வர மறுத்து நிலைமை முற்றினால் 108-ஐக் கூப்பிடுங்கள். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் பதிவு பெற்ற எந்த டாக்டரும் அவசரச் சிகிச்சை தரலாம், மனநல மருத்துவமனைக்கு அனுப்பியும் வைக்கலாம். அந்த அவசர ஏற்பாட்டுக்கு அதிகபட்சம் 72 மணி நேரம். அதற்குமேல் அவனாகச் சம்மதிக்காவிட்டால், பிரதிநிதி என்ற முறையில் நீங்கள் விண்ணப்பம் கொடுத்து, மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து, 30 நாள் வரை உள்ளே வைத்துப் பார்க்கச் சட்டத்தில் இடம் உண்டு. அவனைக் குற்றவாளியாக்காமல் சிகிச்சை கொடுக்க வழி இருக்கிறது, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இன்று ராத்திரிக்கு: கயிறு வேண்டாம். வாசற்கதவில் மாட்டு மணி ஒன்றைக் கட்டுங்கள், திறந்தால் சத்தம் கேட்கும். முறை வைத்து ஒருவர் முழித்திருங்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இப்போதே எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள், இதை மறக்காதீர்கள். நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமானால் 14416-க்குப் போன் போடுங்கள். டெலி-மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசில்லை.

கோயிலுக்குக் கூட்டிப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போய் வாருங்கள். மாத்திரைச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: போஸ்டிங்கில் ஒரு பாட்டி எங்களுக்காக அழகாகப் பாட்டுப் பாடினார். முகத்தை மறைத்து ரீல்ஸ் போடலாமா?
(காவேரிப்பட்டணம் மாணவி)

கூடாது. குரலை எப்படி மறைப்பாய்? அந்தப் பாட்டியின் பேத்தி ஊரில் அதைப் பார்த்து, "இது எங்க ஆயா குரல்" என்பாள். சிகிச்சையில் இருப்பவரின் படமோ தகவலோ அவர் சம்மதமில்லாமல் வெளியே போகக் கூடாது என்பது 24-வது பிரிவு. பாட்டு நன்றாக இருந்தால் இன்னொரு முறை பாடச் சொல்லிக் கேள். போன் பையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்கள், எழுதலாம். நைட் டியூட்டியில் நான் ஒருத்தன், 40 நோயாளிகள். போன மாதம் ஒருவர் அடித்ததில் எனக்கு உதடு கிழிந்து இரண்டு தையல். அவர்களுக்கு உரிமை, எங்களுக்கு என்ன?
(பெயர் வேண்டாம், ஓசூர்)

தம்பி, உதடு ஆறிவிட்டதா? என் இடது கை சுண்டுவிரல் இன்னும் நேராக மடங்காது, 1994-ல் வாங்கியது. அதனால் உங்கள் கோபத்தை நான் மேடையிலிருந்து பார்க்கவில்லை.

கட்டவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. உடனடியான ஆபத்து, வேறு வழியே இல்லை என்றால் கட்டலாம். அதற்கு மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும். எப்படிக் கட்டினோம், ஏன், எவ்வளவு நேரம் என்பதை அப்போதே கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். கட்டியவரைத் தனியே போட்டுவிட்டுப் போகக் கூடாது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அவருடைய பிரதிநிதிக்குத் தகவல் போக வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது. தனி அறையில் பூட்டி வைப்பதற்கு அனுமதியே இல்லை. அப்புறம் ஒரு வரி உண்டு: ஆள் பற்றாக்குறை என்பதற்காகவும் கட்டக் கூடாது.

இந்தக் கடைசி வரியில்தான் உங்கள் பல் நறநறக்கிறது, எனக்கும் அப்படித்தான் இருந்தது. சட்டம் எழுதியவர்கள் கூடவே இரண்டு ஸ்டாஃப் போஸ்ட்டையும் போட்டிருக்கலாம். அதைச் செய்யாமல் 97-வது பிரிவை மட்டும் உங்கள் தலையில் வைத்திருக்கிறார்கள் என்றால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்த வரியை இன்னொரு பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். "ஆள் இல்லாததால் கட்டினோம்" என்பது சட்டவிரோதம் என்றால், ஆள் போடாமல் இருப்பது யாருடைய பிரச்சினை? ஒவ்வொரு ராத்திரியும் எத்தனை நோயாளி, எத்தனை ஸ்டாஃப் என்பதை ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதுங்கள். அடி வாங்கியதையும் எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆறு மாதம் எழுதினால் அது உங்கள் கையில் இருக்கும் ஆவணம். நாங்கள் ஒரு வார்டில் அப்படி எழுதித்தான் இரவுக்கு இரண்டாவது ஆளை வாங்கினோம். இரண்டு வருடம் ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, எந்த நேரத்தில் அடி விழுகிறது என்று பாருங்கள். என் அனுபவத்தில் பாதிக்குமேல் சாப்பாட்டு வரிசையிலும், பீடி கேட்டு இல்லை என்ற இடத்திலும், வீட்டுக்குப் போன் போடணும் என்று கேட்டு "அப்புறம்" என்ற இடத்திலும்தான். வெளியே பேசுவதும் போன் செய்வதும் அவர்களுடைய உரிமை, 26-வது பிரிவு. மாலையில் போன் நேரம் என்று ஒன்றை முறையாக வைத்த பிறகு எங்கள் வார்டில் ராத்திரி கொஞ்சம் அடங்கியது.

கேள்வி: ஓசூர் பஸ் ஸ்டாண்டில் மனநிலை சரியில்லாத ஒருவர் பல நாளாகச் சுற்றுகிறார். போலீஸில் சொன்னால் அடிப்பார்கள் என்று பயந்து சொல்லவில்லை. சரியா?
(ஓசூர் வாசகர்)

சொல்லுங்கள். ஆதரவில்லாமல் அலைகிற மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுப்பது காவல்துறையின் கடமை, 100-வது பிரிவு. லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும், வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நாலு பேராகப் போங்கள், ஒரு ஆளாகப் போனால் "சரி சரி, பாக்கறோம்" என்பார்கள். போகும்முன் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். ஊர்ப் பெயர் ஒன்று கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: ஷாக் ட்ரீட்மெண்ட்டைத் தடை செய்துவிட்டார்களாமே?
(ஊத்தங்கரை வாசகர்)

இல்லை. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் வைப்பதைத்தான் தடை செய்திருக்கிறார்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பாதுகாவலரின் சம்மதமும் மனநல மறு ஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். மற்றபடி முறையாகக் கொடுத்தால் சிலருக்கு நல்ல சிகிச்சைதான். சினிமாவில் காட்டுவதை மறந்துவிடுங்கள்.

கேள்வி: 11 வருடமாக மாத்திரை எடுக்கிறேன். இப்போது நன்றாக இருக்கிறேன், மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு வருடம் முன்னால் அட்மிட் ஆனபோது எட்டு நர்சிங் மாணவிகள் கட்டிலைச் சுற்றி நின்று, "இப்ப ஏதாவது குரல் கேக்குதா? செத்துப் போகணும்னு தோணுதா?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். ஒருவரும் பெயர் சொல்லவில்லை. மறுநாள் வேறு எட்டுப் பேர், அதே கேள்விகள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்ததா?
(தருமபுரி வாசகர்)

இருந்தது சார். மாணவர்கள் படிப்பதற்காக உங்களைப் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உங்கள் சம்மதம் வேண்டும். முடியாது என்றால் உங்கள் சிகிச்சையில் ஒரு மாத்திரைகூடக் குறையக் கூடாது. பாதியில் நிறுத்தச் சொல்லவும் உரிமை உண்டு. இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது அந்த எட்டுப் பேரையும் கூட்டி வந்த டீச்சர். அந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், பல வருடம். கேஸ் எண்ணிக்கை முடிக்கணும், ரெக்கார்டு சைன் வாங்கணும் என்று பிள்ளைகளை விரட்டியிருக்கிறேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்பது அந்த டீச்சரின் வேலை என்றாலும், என் பங்குக்கு நானும் கேட்டுக்கொள்கிறேன்.

பின்னாளில் ஒரு வழக்கம் வைத்தோம். ஒரு நோயாளிக்கு ஒரு மாணவி. முதல் நாள் நோட்டும் பேனாவும் கிடையாது. போய்ப் பெயர் சொல்லி, உட்காரலாமா என்று கேட்டு, அவர் சரி என்றால் உட்கார்ந்து, அவர் பேசுவதைப் பேசிவிட்டு வர வேண்டும். எழுதலாமா என்ற கேள்வி இரண்டாம் நாள்தான். ஒரு பெரியவர் மூன்று நாள் முடியாது என்றார். நாலாம் நாள், "தாயம் ஆடத் தெரியுமா?" என்றார். அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவர் சொல்லிக் கொடுத்தார். அவளுடைய ரெக்கார்டில் அந்த வாரம் முழுக்கத் தாயக்கட்டம்தான். நான் கையெழுத்துப் போட்டேன், எக்ஸ்டர்னல் எக்சாமினர் முகத்தைச் சுளித்தார்.

உங்களிடம் எனக்கும் ஒரு கேள்வி உண்டு. மேலே முதல் கேள்வி கேட்ட கிருஷ்ணகிரி டியூட்டரின் வகுப்பில் ஒரு மணி நேரம் பேச வருவீர்களா? இந்த எட்டுப் பேர் விஷயத்தை எனக்கு எழுதியது போலவே அங்கே சொன்னால் போதும். நோயைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியதில்லை, பிடிக்காத கேள்விக்கு "அடுத்தது" என்று சொல்லிவிடலாம். போட்டோ கிடையாது. பஸ் செலவும், கடைக்கு லீவு போட்ட ஒரு நாள் சம்பளமும் கல்லூரி தர வேண்டும். முன்கூட்டியே பேசி வாங்கித் தருவது என் பொறுப்பு. வர முடியாது என்றாலும் சரிதான். இதழ் முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள், வருவதானால் எந்தக் கிழமை கடையில் கூட்டம் குறைவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.